ஜிப்சம் போட் மிச்சத்தை முறையாக அகற்றுவது எப்படி? யாழ்ப்பாணத்துச் சிறு ஒப்பந்தகாரருக்கான செய்முறை

சீலிங் வேலை பழகிய புதிதில், கோண்டாவிலில் ஒரு வீட்டின் ஜிப்சம் போட் (இரண்டு தாள்களுக்கு நடுவே ஜிப்சம் வைத்த சீலிங் பலகை) மிச்சத் துண்டுகளை எல்லாம், வாழைத்தண்டும் சருகும் போடுவதற்கென்று வளவின் மூலையில் வெட்டியிருந்த குழிக்குள் நானே கொட்டினேன். சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பொருள்தானே, மண்ணோடு மண்ணாகிவிடும் என்பது என் எண்ணம். மாரி தொடங்கிக் குழியில் தண்ணீர் தேங்கிய சில வாரங்களில் கூழ்முட்டை நாற்றம் கிளம்பியது. வீட்டுக்கார அம்மா மலசலகூடக் குழி உடைந்துவிட்டதென்று நினைத்து, ஆள் பிடித்துத் தோண்டுவித்த பிறகே உண்மைக் காரணம் வெளிப்பட்டது.

ஜிப்சம் என்பது நீரேறிய கல்சியம் சல்பேற்று. உலர்ந்த நிலையில் அது எவருக்கும் தீங்கு செய்யாது. ஆனால் உக்கக்கூடிய குப்பையோடு சேர்ந்து, ஈரத்தில், காற்றுப் படாமல் கிடக்கும்போது, அங்கு வாழும் பக்டீரியாக்கள் அதிலுள்ள சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டு வாயுவாக மாற்றிவிடுகின்றன. குறைந்த அளவில் மூக்கைத் துளைக்கும் இந்த நச்சு வாயு, அளவு கூடும்போது மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும் என்பதால், மணம் நின்றுவிட்டதென்று நம்பி அத்தகைய குழிக்குள் இறங்கக் கூடாது. இங்கிலாந்தில் 2009 ஏப்ரல் முதல் உக்கும் குப்பையோடு ஜிப்சம் கழிவைச் சேர்த்துப் புதைப்பதற்குச் சிறிதளவும் இடமில்லை.

எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குடாநாட்டின் நிலத்தடி நீர் வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணக்கல்லுக்குள் நிற்கிறது. மேலே கரைவது விரைவில் கிணற்றுக்கு வந்து சேரும். ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 2 கிராம் ஜிப்சத்தைக் கரைக்கக்கூடியது. அதிலிருந்து 1,000 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சல்பேற்று நீரில் சேரும். குடிநீருக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் வரம்போ லீற்றருக்கு 250 மில்லிகிராம். ஆகவே பள்ளக்காணி நிரப்புவதற்குக் கேட்கிறார்கள் என்று கல்லும் சாந்தும் கலந்த இடிபாட்டோடு ஜிப்சம் துண்டுகளையும் ஏற்றி அனுப்புவதும், வலிகாமம் வடக்கின் பழைய கல்லகழ்ந்த குழிகளில் கொட்டுவதும், யாரோ ஒருவரின் கிணற்றுக்குள் கொட்டுவதற்குச் சமம்.

படி 1: வாங்குவதற்கு முன் வெட்டுக் கணக்கைப் போடுங்கள்

12 அடிக்கு 10 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4 அடிக்கு 8 அடி போட் மூன்றை, 8 அடிப் பக்கம் அறையின் 10 அடிப் பக்கத்தோடு செல்லுமாறு அருகருகே வைத்தால், 12 அடிக்கு 8 அடி மூடப்படும். மீதி 2 அடி அகலப் பட்டியை நான்காவது போட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து மூடலாம். கடைசியில் மிஞ்சுவது 2 அடிக்கு 4 அடித் துண்டு ஒன்று மட்டுமே. இதே அறையை, வெட்டிய துண்டை அடுத்த வரிசைக்கு எடுக்காமல் வரிசைக்கு இரண்டு போட் என்று அடித்தால் ஆறு போட் போய்விடும், அதாவது இரண்டு போட் கூடுதல். 9 மில்லிமீற்றர் போட் ஒன்று ஏறத்தாழ 20 கிலோ நிறையுடையது என்பதால், காசு கொடுத்து வாங்கி, காசு கொடுத்து அகற்றப்போகும் 40 கிலோ அது. இந்தக் கணக்குக்கு ஏற்பச் சட்டம் அடிப்பவரிடம் இணைப்பு வரும் இடங்களை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சட்டம் அடித்த பிறகு வரைபடம் போடுவதில் பயனில்லை.

படி 2: பழைய வீடானால், கழற்றுவதற்கு முன் இனங்காணுங்கள்

பழைய சீலிங்குகள் எல்லாம் ஜிப்சம் அல்ல. பல வீடுகளில் இருப்பது தட்டையான அஸ்பெஸ்ரோஸ் சீற். உடைத்துப் பார்க்க வேண்டாம். ஏற்கெனவே உடைந்திருக்கும் ஓரத்தையோ, மின்குமிழுக்காகத் துளைத்த இடத்தையோ ரோர்ச் அடித்துப் பாருங்கள். இருபுறமும் தாளும் நடுவில் நகத்தால் கீறக்கூடிய வெள்ளைப் பொருளும் தெரிந்தால் அது ஜிப்சம். தாளே இல்லாமல், சாம்பல் நிறத்தில் கடினமாக இருந்தால் அஸ்பெஸ்ரோஸ் என்றே கொண்டு, கை வைக்காமல் வேலையை நிறுத்தி, மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் வழி கேட்க வேண்டும். அஸ்பெஸ்ரோஸைத் தூசி எழாமல் நனைத்துக் கையாள வேண்டும், ஜிப்சத்தை நனைக்கவே கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர் இரண்டிலும் பிழை விடுவார்.

படி 3: வெட்டும் இடத்திலேயே பிரியுங்கள்

மாலையில் ஒன்றாகக் கூட்டி அள்ளிய குவியலை எவராலும் பிரிக்க முடியாது. பிரிப்பதாகச் சொல்பவரை நான் நம்புவதில்லை. வெட்டும் மேசைக்கு அருகில் நான்கு உரப்பைகளை வாய் திறந்து கட்டி வையுங்கள். முதலாவது, தீந்தை படாத சுத்தமான வெள்ளைப் போட்டுக்கு. இரண்டாவது, ஈரம் தாங்கும் பச்சைத் தாள் போட், தீ தாங்கும் இளஞ்சிவப்புப் போட் ஆகியவற்றுக்கு. மெழுகு, கண்ணாடி இழை போன்றவை கலந்திருப்பதால் இவற்றை வெள்ளைப் போட்டோடு சேர்க்கக் கூடாது. மூன்றாவது, தீந்தை பூசிய பழைய துண்டுகளுக்கும், 2 அடிச் சதுர சீலிங் தகடுகளுக்கும். இத்தகடுகளில் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் படலத்தை உரித்தெடுக்க வேண்டும். எரித்தால் நச்சுப் புகை வரும். நான்காவது, திருகாணி, தகரச் சட்டத் துண்டு ஆகியவற்றுக்கு. இந்த ஒரு பையை மட்டும் பழைய இரும்பு வாங்குபவர் வீடு தேடி வந்து காசு கொடுத்து எடுத்துச் செல்வார்.

சாப்பாட்டுப் பொதித் தாளும் தேநீர்க் கோப்பையும் இந்தப் பைகளுக்குள் விழவே கூடாது. வெட்டும்போது தூசி எழுவதால் கட்டாயம் முகக்கவசம் அணியுங்கள்.

படி 4: உலர்வாக வையுங்கள்

கட்டிய பைகளை மண்ணில் வைக்காமல், இரண்டு சீமெந்துக் கல்லின் மேல் பலகை போட்டு அடுக்கி, மேலே படங்கு கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் படங்கு மட்டும் போதாது, கூரைக்குள் எடுங்கள். ஈரம் ஊறிய போட் நிறை கூடி, தாள் பூஞ்சணம் பிடித்து, அரைக்கும் இயந்திரத்தில் களிபோல அப்பிக்கொள்ளும். அதை எந்த ஆலையும் எடுக்காது. உலர்ந்த சுத்தமான ஜிப்சத்தையோ, தாளை நீக்கித் தூளாக்கி, ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் சூடாக்கினால், அதிலுள்ள நீரின் பெரும் பகுதி வெளியேறி, மீண்டும் தண்ணீர் சேர்த்ததும் இறுகும் சாந்தாகிவிடும். இப்படி எத்தனை முறையும் செய்யலாம்.

படி 5: எடுப்பவரைத் தேடுங்கள்

சீமெந்து அரைக்கும்போது, அது உடனே இறுகிவிடாமலிருக்க நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை ஜிப்சம் சேர்ப்பார்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் மூடப்படாமல் இருந்திருந்தால், இந்தப் படியை இரண்டு வரியில் முடித்திருப்பேன். இப்போது புத்தளம் போன்ற தூர இடங்களிலுள்ள ஆலைகளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டின் மிச்சத்துக்கு அது கட்டுப்படியாகாது. மூன்று நான்கு ஒப்பந்தகாரர் ஓர் இடத்தில் சேர்த்துவைத்து, ஒரு லொறி நிறைந்ததும், கொழும்பிலிருந்து சாமான் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறியில் அனுப்புவதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஏற்றுவதற்கு முன், என்ன வகையை, எவ்வளவு ஈரம் வரை ஏற்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போட் விற்ற கடைக்காரரையும் கேளுங்கள். மொத்தமாக வாங்குபவருக்கு இறங்கிவருவார்.

தோட்டத்துக்குப் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் எங்கள் செம்மண்ணுக்குக் கல்சியம் குறைவில்லாததால், அங்கே தேவை குறைவு. சோடியம் மிகுந்த உவர் நிலத்தில் ஜிப்சம் உதவும், ஆனால் வெளியேறும் சோடியத்தை மழைநீர் கழுவிச் செல்ல வடிகாலும் இருக்க வேண்டும். மண் பரிசோதித்து, விவசாயப் போதனாசிரியர் அளவு சொன்ன பிறகு, முதலாவது பையில் சேர்த்த வெள்ளைப் போட்டை மட்டும், தாள் நீக்கித் தூளாக்கி இடலாம்.

எவரும் எடுக்காத மீதியை மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ, ஜிப்சம் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். இடிபாட்டுக்குள் மறைத்துக் கொடுத்தால் அது கல்லுண்டாய் போன்ற கலப்புக் குப்பை மேட்டில்தான் போய்ச் சேரும்.

படி 6: விலைமனுவிலும் கொப்பியிலும் எழுதுங்கள்

அகற்றும் செலவை விலைமனுவில் தனி வரியாகக் காட்டுங்கள். மறைத்தால் உங்கள் கூலியிலிருந்தே போகும். ஒவ்வொரு வேலைக்கும் கொப்பியில் ஒரு பக்கம் போதும். என் கொப்பியின் கடைசிப் பதிவு இது: “வெள்ளை 3 பை, 61 கிலோ, உலர்வு, களஞ்சியத்தில். பச்சை அரைப் பை. தீந்தை பட்டது 1 பை, பிரதேச சபை, பற்றுச்சீட்டு ஒட்டியுள்ளது. 2 × 4 துண்டு 1, அடுத்த வீட்டு அலுமாரிக்கு மேல் அடைக்க வைத்தது.”