பைத்தான் மொடியூல் எல்லாத்தையும் ஒரே கொமாண்ட்ல போடலாம்

மட்டக்களப்பில பைத்தான் படிக்கிற பிள்ளைகள் கனபேர் புது லெப்டொப் எடுத்தா மொடியூலை (மத்தாக்கள் எழுதி வைச்ச ரெடிமேட் கோட்) ஒண்டொண்டா தேடித்தேடி இன்ஸ்டோல் பண்ணுறாங்க, அது தேவையே இல்ல. மொடியூல் இன்ஸ்டோல் பண்ணுற டூல்தான் பிப், பழைய மெசின்ல 'பிப் ஃப்ரீஸ்' குடுத்தா மொடியூல் பேரும் வேர்ஷனும் லிஸ்டா வரும், அதை ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல சேவ் பண்ணி வைங்க, புதுசில 'பிப் இன்ஸ்டோல்' அடிச்சு ஹைஃபன் ஆர் போட்டு அந்த ஃபைல் பேரைக் குடுத்தா மிச்சத்தை அதுவே பாத்துக்கொள்ளும்.

சிக்னல் இழுபடுற ஊரெண்டா டவுணுக்கு வரக்குள்ள 'பிப் டவுன்லோட்'டால இறக்கி பென்ட்ரைவ்ல கொண்டு போங்க, ரெண்டு மெசின்லயும் ஒரே பைத்தான் வேர்ஷன், ஒரே ஓஎஸ் இருக்கிறது நல்லம்.

மொடியூல் அப்டேட்டை லினக்ஸ்ல க்ரொன் (குறிச்ச நேரத்துக்கு வேலையைத் தானா ஓட்டுற டூல்) போட்டு ராவைக்கு ஓட விடலாம். ஆனா ஓடிக்கிட்டிருக்கிற ப்ரொஜெக்ட்ல நேரா விடவே விடாதீங்க, தனி வேர்ச்சுவல் என்விரோன்மென்ட்ல (மத்த ப்ரொஜெக்டோட கலக்காம மொடியூலைத் தனியா வைக்கிற இடம்) அப்டேட் பண்ணி டெஸ்ட் எல்லாம் பாஸான பிறகு லிஸ்டை மாத்துங்க.