குண்டு கோத்த கம்பியில் அலை: கணக்கு எங்கே தவறுகிறது?

இழுத்துக் கட்டிய கம்பியில் அலையின் வேகம் வேண்டுமென்றால், இழுவிசையை ஒரு மீட்டர் கம்பியின் நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுப்போம். கம்பியில் சம இடைவெளியில் குண்டுகளைக் கோத்த பிறகும் பலர் இதையே செய்கிறார்கள்: குண்டுகளின் நிறையைக் கம்பி நெடுகப் பரப்பிவிட்டுப் பழைய சூத்திரத்தில் போடுகிறார்கள். நிறை கணக்கில் வந்துவிடுகிறது, இடைவெளி விட்டுப்போகிறது.

கம்பியின் சொந்த நிறையை விட்டுவிடுவோம். இழுவிசை 10 நியூட்டன், 10 செ.மீ.க்கு ஒன்றாக 10 கிராம் குண்டுகள். பரப்பிய கணக்கில் வேகம் விநாடிக்கு 10 மீட்டர். 2 மீட்டர் அலைநீளத்துக்கு இது ஏறக்குறையச் சரி. அலைநீளம் 20 செ.மீ. ஆகக் குறைந்தால் அதே கணக்கு அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்னும். உண்மையில் சுமார் 32தான். அடுத்தடுத்த குண்டுகள் எதிரெதிராக ஆடும் இந்த நிலையே அதிர்வெண்ணின் உச்சவரம்பு. அங்கே முகடுகள் விநாடிக்கு 6.4 மீட்டர் நகர்வதாகக் கணக்கு வந்தாலும், ஆற்றல் நகரும் வேகம் சுழி. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது அடிக்கடி காணும் பிழை.

கம்பியின் முனையை 40 ஹெர்ட்ஸில் ஆட்டினால்? ஆட்டம் குண்டுக்குக் குண்டு தேய்ந்துபோகும். ஆற்றல் வெப்பமாகிவிட்டது என்று எழுதாதீர்கள். உராய்வே இல்லாவிட்டாலும் இப்படித்தான். ஆற்றல் உள்ளே செல்லாமல் ஆட்டுபவரிடமே திரும்பிவிடுகிறது.

இரு முனையும் கட்டிய கம்பியில் எத்தனை குண்டுகளோ, ஒரு தளத்தில் அத்தனை அதிர்வு வகைகள் (எல்லாக் குண்டுகளும் ஒரே அதிர்வெண்ணில் ஆடும் முறைகள்) மட்டுமே. அவற்றின் அதிர்வெண்கள் 1, 2, 3 என்ற விகிதத்திலும் அமையா. சம இடைவெளியில் இரண்டே குண்டுகள் இருந்தால் இரண்டாவது அதிர்வெண் முதலாவதைப்போல் 2 மடங்கன்று, 1.73 மடங்கு.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது குண்டு இருக்கும் இடத்தில் நேரும் பிழை. அங்கே இருபுறத்துச் சாய்வும் சமம் என்று எழுதினால் குண்டு நிறையற்றதாகிவிடும், அலை குண்டில் பட்டுத் திரும்பும் எதிரொளிப்பே காணாமல் போகும். இடப்பெயர்ச்சிதான் இருபுறமும் ஒன்று. கம்பி அங்கே மடங்கும். சாய்வுகளின் வேறுபாட்டை இழுவிசையால் பெருக்கினால் கிடைப்பதே குண்டின் நிறை பெருக்கல் முடுக்கம்.

1900இல் இயற்பியலாளர் மைக்கேல் பூப்பின் தொலைபேசிக் கம்பிகளில், இந்தக் குண்டுகளைப்போல், இடைவெளி விட்டு மின்சுருள்களைச் சேர்க்கக் காப்புரிமை பெற்றார். அங்கும் ஓர் அலைநீளத்துக்குள் பல சுருள்கள் அமைய வேண்டும். தள்ளித் தள்ளி வைத்தால் பேச்சின் உயர் அதிர்வெண்கள் உச்சவரம்பில் தடைபடும்.