மூன்று பகடைகள்: 9 அதிகம் விழுமா, 10 அதிகம் விழுமா?

சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் நிகழ்தகவு கிடைக்கும் என்பது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுவதால் அதை இங்கே விளக்கவில்லை. பகடைக் கணக்குகளில் விடை தவறுவது பெரும்பாலும் எண்ணும்போதுதான்.

17ஆம் நூற்றாண்டில் கலிலியோ விளக்கம் எழுதிய கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை 9 ஆவதற்கும் 10 ஆவதற்கும் தலா ஆறு எண்சேர்க்கைகளே இருக்கும்போது, 10 மட்டும் ஏன் சற்று அதிகமாக விழுகிறது?

படி 1: மொத்த விளைவுகள் 6 × 6 × 6 = 216.

படி 2: சேர்க்கைகளை ஏறுவரிசையில் எழுதுங்கள், அப்போதுதான் எதுவும் விடுபடாது, இரண்டு முறையும் வராது. 9-க்கு 1-2-6, 1-3-5, 1-4-4, 2-2-5, 2-3-4, 3-3-3. 10-க்கு 1-3-6, 1-4-5, 2-2-6, 2-3-5, 2-4-4, 3-3-4.

படி 3: இங்கேதான் நிதானம் வேண்டும். பகடைகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1-2-6 என்ற மூன்று எண்களும் மூன்று நிறங்களில் 6 விதமாக அமையும். 1-4-4 என்பதில் 1 எந்த நிறத்தில் விழுகிறது என்பது மட்டுமே மாறுவதால் 3 விதம். 3-3-3 ஒரே விதம். ஆகவே 9-க்கு 6+6+3+3+6+1 = 25, 10-க்கு 6+6+3+6+3+3 = 27. நிகழ்தகவுகள் முறையே 25/216, 27/216. மூன்று பகடைகளும் ஒரே நிறத்தில் இருந்தால் இவற்றைத் தனித்தனியாக எண்ண வேண்டுமா என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால் பூசிய நிறத்தைப் பொறுத்துப் பகடை விழும் விதம் மாறுவதில்லை என்பதால் எண்ணிக்கையும் மாறாது.

இரண்டு பகடைக் கணக்குகளுக்கு மர வரைபடத்தை நான் பரிந்துரைப்பதில்லை. 36 கிளைகள் தாளை அடைத்துவிடும். கட்டம் போட்ட நோட்டில் 6 × 6 அட்டவணை வரைந்தால், கூட்டுத்தொகை 7 தரும் ஆறு கட்டங்களும் ஒரே மூலைவிட்டத்தில் வரிசையாக நிற்பது பார்த்தவுடன் தெரியும்.

பிற்சேர்க்கை: "குறைந்தது ஒரு 6" என்ற வகைக் கணக்கைப் பலர் கேட்டிருந்தனர். மூன்று பகடைகளுக்கு 1/6-ஐ மூன்று முறை கூட்டிப் பாதி என்று சொல்லக் கூடாது. அப்படிக் கூட்டினால் ஆறு பகடைகளில் 6 விழுந்தே தீரும் என்றாகிவிடும். 6 விழாத விளைவுகளை முதலில் எண்ணுங்கள்: 5 × 5 × 5 = 125. எஞ்சியவை 91, நிகழ்தகவு 91/216, ஏறக்குறைய 42 சதவீதம். நான்காவது பகடையைச் சேர்த்தால் 1296-இல் 625 போக 671 எஞ்சும். வாய்ப்பு அப்போதுதான் பாதியைத் தாண்டுகிறது.