அரட்டைச் சர்வரில் படம் ஏறவில்லையா? அளவு வரம்பைப் பாருங்கள்

சொந்தமாக எக்ஸ்எம்பிபி (செய்தி பரிமாற்றத்துக்கான திறந்த நெறிமுறை) அரட்டைச் சர்வர் நடத்துவோர், படங்களையும் குரல் பதிவுகளையும் அனுப்ப எச்டிடிபி பதிவேற்ற முறையை இயக்கி வைப்பது நல்லது. செயலிக்குச் செயலி நேரடியாக அனுப்பும் ஜிங்கிள் முறையில் கோப்பு அனுப்ப இருவரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டும். எச்டிடிபி முறையிலோ செயலி முதலில் சர்வரிடம் இடம் கேட்கிறது, சர்வர் ஏற்றுவதற்கு ஒன்றும் இறக்குவதற்கு ஒன்றுமாக இரண்டு முகவரிகளைத் தருகிறது, கோப்பு ஏறியபின் இரண்டாவது முகவரி மட்டும் செய்தியாகப் போய்ச் சேர்வதால், பெறுபவர் மறுநாள் வந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

பிரோசடி என்ற எக்ஸ்எம்பிபி சர்வர் மென்பொருளில், 0.12 பதிப்பு முதல் இதற்கான தொகுதி சர்வருடனேயே வருகிறது. அதன் இயல்பு வரம்பு கோப்புக்கு 10 எம்பி. ஒரு வாரத்தில் கோப்பு காலாவதியாகிவிடும். இரண்டையும் அமைவுக் கோப்பில் மாற்றலாம்.

பலரும் தடுக்கி விழும் இடம் வேறு. பிரோசடிக்கு முன்னால், கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் நின்றால், அது இயல்பாக 1 எம்பிக்கு மேற்பட்ட பதிவேற்றத்தை 413 என்ற பிழை எண்ணுடன் திருப்பிவிடும். பிரோசடிக்குச் செய்தியே எட்டாது. சிறிய படம் போகிறது, கைப்பேசியில் எடுத்த 3 எம்பி படம் மட்டும் போகவில்லை என்றால் (நானும் ஒரு மாலை முழுவதையும் பிரோசடியின் பதிவேட்டிலேயே தொலைத்திருக்கிறேன்) என்ஜின்எக்ஸில் 'கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ்' என்ற அமைப்பைப் பிரோசடியின் வரம்புக்குச் சற்று மேலாக உயர்த்தி, அதன் அமைவை மறுபடி ஏற்றுங்கள்.

முகவரி தெரிந்த எவரும் கோப்பைத் திறக்க முடியும் என்பதால், அந்தரங்கமான படங்களுக்கு ஓமெமோ குறியாக்கத்தை (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய பூட்டு முறை) இயக்கியே அனுப்புங்கள்.