பருவுக்கு எதையாவது தடவறதுக்கு முன்னாடி

எங்க வீட்ல முகத்துல பரு வந்தா உடனே தீர்ப்பு வந்துடும், உடம்பு சூடு, எண்ணெய் தேச்சுக் குளின்னு. நானும் பத்தாவது படிக்கறப்போ ஞாயித்துக்கிழமை நல்லெண்ணெய், மத்த நாள் பூரா தேங்காய் எண்ணெய் வழிய வழிய வாரிக்கிட்டுதான் போவேன், நெத்தில ஜவ்வரிசி மாதிரி பொடிப்பொடியா நிக்கும், அது முடி ஓரத்துல மட்டும்தான் இருக்குன்றத கவனிக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு. தலைக்கு வைக்கற எண்ணெய் நெத்திக்கு இறங்கி துவாரத்த அடைச்சிருக்கு, சூடெல்லாம் ஒண்ணுமில்ல. நெத்தி ஓரம் மட்டும் பரு வர்றவங்க எண்ணெயக் குறைச்சு, தலையணை உறைய அடிக்கடி மாத்திப் பாருங்க.

நடக்கறது இதுதான். வயசுக்கு வர்ற டைம்ல ஆம்பள ஹார்மோன்னு சொல்ற ஆண்ட்ரோஜன் ஏறும், பொண்ணுங்களுக்கும் அது உண்டு, தோல்ல இருக்கற எண்ணெய் சுரப்பி பெருசாகி நிறைய சுரக்கும், உதிர வேண்டிய செத்த தோல் உதிராம அந்த எண்ணெயோட ஒட்டி துவாரத்தோட வாய அடைச்சுக்கும், உள்ள ஏற்கனவே குடியிருக்கற பாக்டீரியா அதுல பெருகும், அப்புறம் வீக்கம், சிவப்பு, சீழ். மூக்கு மேல கருப்புப் புள்ளி இருக்கே, அது அழுக்கு இல்லங்க, அடைப்போட மேல்பக்கம் காத்து பட்டு கருத்துப் போறது. அதனால பரபரன்னு தேய்ச்சா போகாது, தோல்தான் புண்ணாகும். ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி மென்மையான ஃபேஸ்வாஷ் போதும். எலுமிச்சை, டூத்பேஸ்ட் எல்லாம் வேண்டாம், எரிச்சல்தான் மிச்சம்.

மருந்துன்னா லேசான பருவுக்கு ரெண்டு பேர் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒண்ணு பென்சாயில் பெராக்ஸைடு, பாக்டீரியாவக் கொல்லும், 2.5% இருந்தாலே போதும், சதவீதம் கூடினா எரிச்சல்தான் கூடும். இது துணிய வெளுத்துடும், என்னோட நீலத் துண்டுல இன்னிக்கும் அஞ்சு விரலும் வெள்ளையா இருக்கு. இன்னொண்ணு அடாபலீன் 0.1% ஜெல், அடைப்பே வராம பாத்துக்கும். ராத்திரி, முகம் நல்லா காஞ்சதும், பட்டாணி அளவு எடுத்து முகம் பூரா மெல்லிசா, பரு மேல மட்டும் புள்ளி வைக்கறது இல்ல. முதல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள், கூடவே மாய்ஸ்சரைசர், பகல்ல சன்ஸ்கிரீன். கர்ப்பமா இருந்தா இல்ல ப்ளான் பண்ணிட்டு இருந்தா அடாபலீன் வேண்டாம். முதல் சில வாரம் தோல் உரியும், பரு அதிகமான மாதிரி கூட தெரியும், நிறைய பேர் அங்கதான் தூக்கிப் போட்டுடறாங்க. பலன் தெரிய 8லருந்து 12 வாரம் ஆகும். தினமும் கண்ணாடி பாத்தா வித்தியாசம் தெரியாது, முதல் நாளே ஜன்னல் பக்கத்துல ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

இப்ப முக்கியமான சமாச்சாரம். காலேஜ்ல படிக்கறப்போ ஒரு மெடிக்கல்ல "இத போடு தம்பி"ன்னு ஒரு க்ரீம் குடுத்தாங்க. மூணே நாள்ல முகம் பளிச்சுனு ஆயிடுச்சு, எனக்கு ஒரே சந்தோஷம், ரெண்டு மாசம் போட்டேன். நிறுத்தின வாரமே முகம் பூரா சிவந்து முன்னவிட மோசமா வெடிச்சுது, வெயில்ல நிக்க முடியல. அது ஸ்டீராய்டு. அதனால எந்த ட்யூப்பையும் திருப்பி பின்னாடி இருக்கற பொடி எழுத்தப் படிங்க, பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால்னு இருந்தா பருவுக்குத் தொடவே தொடாதீங்க. ஏற்கனவே மாசக்கணக்கா போட்டுட்டு இருந்தா திடீர்னு நிறுத்தாம டாக்டர்கிட்ட கேட்டு விடுங்க.

பரு ஒரே மாதிரி பொடிப்பொடியா இருந்து அரிக்குதுன்னா அது பூஞ்சையா இருக்கலாம், அதுக்கு மருந்தே வேற. தாடை ஓரத்துல வந்துட்டே இருக்கு, பீரியட்ஸும் தள்ளித் தள்ளிப் போகுதுன்னா பிசிஓஎஸ்ங்கற ஹார்மோன் கோளாறு இருக்கான்னு பாக்கணும். தோலுக்கு அடில கல்லு மாதிரி வலிக்கற கட்டி வந்தா காத்திருக்கவே வேண்டாம், நேரா ஸ்கின் டாக்டர், ஏன்னா கருப்புத் தழும்பு மெல்ல மறையும், குழி விழுந்தா அவ்வளவு லேசுல நிரம்பாது. அவங்க ஐசோட்ரெடினாயின் மாத்திரை எழுதலாம், நல்லா கேக்கும், ஆனா ரத்த டெஸ்ட் வேணும், சாப்பிடறப்பவும் நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கர்ப்பம் ஆகவே கூடாது, குழந்தைக்கு பெரிய பாதிப்பு வரும்.

டாக்டர்கிட்ட போறப்போ இதுவரைக்கும் தடவின ட்யூப் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. "ஏதோ வெள்ளை க்ரீம் டாக்டர்"னு நான் சொல்லிட்டு முழிச்ச மாதிரி முழிக்காதீங்க.