கவாத்தும் தொட்டி மாற்றமும் தாங்காமல் வாடும் போன்சாயைத் தேற்றுவது எப்படி?

கிளையை வெட்டி, அதே கையோடு வேரையும் வெட்டி, புதுத் தொட்டிக்கு மாற்றிய போன்சாய், அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம், சில வாரங்களில் இலையைக் கொட்டத் தொடங்கினால் பலரும் பதறிப்போய் உரம் போடுகிறார்கள், தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுகிறார்கள், வேர் பிடித்ததா என்று பிடுங்கியும் பார்க்கிறார்கள். தயவுசெய்து இதில் எதையும் செய்யாதீர்கள். முதல் வெட்டில் பிழைத்த மரங்கள்கூட இந்தப் பதற்றத்தில்தான் சாகின்றன.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய குச்சிக் கிளை ஒன்றின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், ஒரு அரிசி அளவு போதும். உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் அந்தக் கிளை உயிரோடு இருக்கிறது. காய்ந்து பழுப்பாக இருந்தால் கொஞ்சம் கீழே இறங்கித் தடித்த கிளையில் பாருங்கள், அப்புறம் அடித்தண்டில். ஆல், அத்தி வகை மரமாக இருந்தால் சுரண்டிய இடத்தில் பால் கசிவதும் நல்ல அறிகுறி. ஆனால் ஜூனிபர் போன்ற ஊசியிலை மரங்களில் இலையின் பச்சையை நம்பாதீர்கள். மரம் செத்துப் பல வாரங்கள் ஆன பிறகும் இலை பச்சையாகவே நிற்கும். நிறம் மங்கிச் சாம்பல் பூத்தாற்போல் ஆகி, தொட்டால் மொறுமொறுவென்று உதிர்ந்தால் கவலைப்பட வேண்டிய நேரம்.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. வேரில் பாதியை வெட்டிவிட்டோம், இலையும் குறைந்துவிட்டது, அப்படியிருக்க மரம் முன்பு குடித்த அளவு தண்ணீரை இப்போது குடிக்காது. மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது என்பதால் மேலே இலை தாகத்தில் தொங்குவது போலவே தொங்கும், அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். அதனால் இலையைப் பார்த்து முடிவு செய்யாமல் மண்ணைப் பாருங்கள். வண்ணம் பூசாத மரக்குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். குச்சியின் அடிப்பாதி கருத்து ஈரமாக வந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். வெறும் லேசான ஈரம்தான் என்றால் ஊற்றலாம், ஊற்றும்போது அடித்துளை வழியாக வடியும்வரை நன்றாக ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மேல்மண் மட்டும்தான் நனையும். ஜேட் மாதிரி சதைப்பற்றுள்ள செடி என்றால் வேர் வெட்டிய பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் காட்டாமல் விடுவதே நல்லது, வெட்டுக்காயம் ஆற வேண்டும்.

மரத்தை மறுபடி தொட்டியிலிருந்து எடுக்கலாமா? பொதுவாகக் கூடாது. மண்ணில் அழுகல் வாடை அடித்தாலோ, ஊற்றிய தண்ணீர் வடியாமல் மேலேயே நின்றாலோ மட்டும் எடுங்கள். நல்ல வேர் உறுதியாக இருக்கும், நுனி வெளிறித் தெரியும். அழுகியது கருத்து, விரலால் நசுக்கினால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வரும். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் அழுகியதை மட்டும் வெட்டிவிட்டு, பியூமிஸ், பெர்லைட் போன்ற தண்ணீர் தேங்காத லேசான கல் துகள்களைத் தூசி போகச் சலித்து, 3 முதல் 6 மில்லிமீட்டர் பருமனில் இருப்பதில் நடுங்கள். அழகான ஆழமற்ற தொட்டி இப்போது வேண்டாம், துளையுள்ள சாதாரண பிளாஸ்டிக் தொட்டியே போதும்.

பலர் கவனிக்காத ஒன்று, மரம் ஆடக் கூடாது. தண்டைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால், காற்றடிக்கும்போதெல்லாம் புதிதாக விடும் நுண்வேர்கள் அறுந்துகொண்டே இருக்கும். தொட்டியின் துளை வழியாகக் கம்பி விட்டு வேர்த்தொகுதியோடு சேர்த்துக் கட்டுங்கள், அல்லது தொட்டியைச் சுற்றிக் கயிறு போட்டாவது நிறுத்துங்கள்.

பிறகு நல்ல வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள், வெயிலும் பலத்த காற்றும் நேராகப் படாத இடமாக. இலை ரொம்பத் தொங்கினால் ஒளி புகும் பிளாஸ்டிக் உறையைத் தளர்வாக மூடி ஈரப்பதத்தைப் பிடித்து வைக்கலாம், தினமும் சிறிது நேரம் திறந்து காற்று விடுங்கள். வெயிலில் மட்டும் மூடி வைக்காதீர்கள், உள்ளே வெந்துவிடும். ஜூனிபரை இரக்கப்பட்டு வீட்டுக்குள் கொண்டுபோகவும் வேண்டாம், அது வெளியில் வாழும் மரம்.

கிளை விஷயம். தழைத்து வரும் துளிரை, வடிவம் கெடுகிறதே என்று கிள்ளாதீர்கள். இலைதான் சாப்பாடு தயாரிக்கிறது, அதோடு வளரும் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கி வேர் விடத் தூண்டுகிறது. நுனியைக் கிள்ளினால் வேரையும் சேர்த்துத் தடுக்கிறீர்கள். அத்தி வகைகள் மொட்டைக் கிளையிலிருந்தும் துளிர்க்கும், ஆனால் ஜூனிபர் இலை முழுவதும் போன கிளையில் மறுபடி துளிர்ப்பது மிக அரிது, எனவே மிச்சமிருக்கும் ஒவ்வொரு பசுமையும் முக்கியம். வடிவத்துக்காகக் கிளையில் சுற்றிய கம்பி பட்டையில் பதிந்தால், அதைச் சுற்றி அவிழ்க்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள்.

உரம், புதுத் துளிர் வந்து இலை விரிந்து முற்றிய பிறகுதான், அதுவும் பாதி அளவில். வைட்டமின் பி1 ஊற்றினால் வேர் விடும் என்று சொல்வதை நம்பிச் செலவு செய்ய வேண்டாம்.

அடுத்த கவாத்து, மரம் ஒரு முழு வளர்பருவம் தடையின்றி வளர்ந்த பிறகு. அப்போதும் கிளையைப் பெரிதாக வெட்டும் வருடத்தில் வேரைத் தொடாதீர்கள்.