வசந்தகாலப் பூக்களை நெருங்கிப் படமெடுப்பது எப்படி?

பூவை நெருங்க நெருங்க, படத்தில் கூர்மையாக விழும் ஆழம் சுருங்கிக்கொண்டே போகும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது), கிட்டத்தில் படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸால் பூவின் உண்மை அளவே சென்சாரில் விழும்படி எடுத்தால், லென்ஸ் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினாலும் ஏறக்குறைய 1 மி.மீ. ஆழம்தான் தெளிவாக இருக்கும். அந்த 1 மி.மீ. எங்கே விழ வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் அது மகரந்தப்பை அல்லது சூலகமுடி. அது மங்கிப்போனால் இதழ்கள் எவ்வளவு அழகாக வந்தாலும் படம் தேறாது.

ஆட்டோஃபோகஸை நம்ப வேண்டாம்; முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இதழ் விளிம்பை அது பிடித்துக்கொள்ளும். மேனுவலுக்கு மாற்றி, கேமராத் திரையில் மகரந்தப்பையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டே இருப்பதைவிட, அதை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கேமராவையே நூலளவு முன்னும் பின்னும் நகர்த்துவது எளிது. பூவின் முகத்துக்குச் சென்சார் இணையாக இருந்தால் கூடுதலான பகுதி தெளிவாகும்.

ஆழம் போதவில்லையே என்று துளையை இன்னும் சுருக்கி எஃப் 22-க்குப் போகாதீர்கள். சிறிய துளையின் வழியே போகும் ஒளி பரவிவிடும் விளிம்பு விளைவால் படம் முழுவதுமே மழுங்கிவிடும். எஃப் 8 முதல் 11 வரை போதும்.

அடுத்த எதிரி காற்று. டிரைபாட் கேமராவின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும், பூவின் ஆட்டத்தை அல்ல. காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும் அதிகாலையில் எடுங்கள். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறைய வேண்டாம்; வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்திறன் அளவை) 800, 1600 என்று தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பிறகு குறைத்துவிடலாம், அசைந்துபோன படத்தை மீட்பது கடினம். படத்தில் தெரியாத இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி, காம்பை அதில் தளர்வாகச் சாய்த்து வைப்பதும் உதவும்.

மேகமூட்டம்தான் நல்ல வெளிச்சம். வெயில் அடித்தால் பூவுக்கும் சூரியனுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். நிழல் விழும் பக்கத்துக்கு ஒளியைத் திருப்பிவிட ஒரு வெள்ளைத்தாள் போதும். சிவப்பு டூலிப்பில் இதழின் நரம்பெல்லாம் மறைந்து வெறும் சிவப்புத் திட்டாக வருவதுண்டு. படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகளில் சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிவதே காரணம். ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான வண்ண ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பார்த்து, எக்ஸ்போஷரை 1/3 முதல் 2/3 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது) குறையுங்கள். வெள்ளைப் பூ சட்டத்தை நிறைத்தால் நேர்மாறு: 2/3 ஸ்டாப் கூட்டாவிட்டால் சாம்பல் பூத்துத் தெரியும்.

சிறிய காம்பாக்ட் கேமராவில் பூப்படக் குறியுள்ள மேக்ரோ முறையைத் தேர்ந்தெடுத்து, ஜூமை இழுக்காமல் எடுங்கள். பல மாடல்களில் ஜூம் செய்ததும் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாது.